புவனா மாமியோடு குளிர்ந்த ஏரிக்குள்

செவ்வாய்க்கிழமை காலை சிட்னியின் ஹோம்புஷ் ரயில் நிலையத்தில், நகரத்துக்குப் போகும் ரயிலுக்காக நின்றிருந்தேன். வீட்டிலிருந்து கிளம்பிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. அதற்குள் என் கணவர் செந்தூரன் போனில் அழைத்தார். எதையோ மறந்துவிட்டு வந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டே எடுத்தேன்.

"மது, மெல்பர்ன்ல இருந்து அப்பா எடுத்தவர்," என்றார். "அம்மா போயிட்டா."

ரயில் வந்தது. கதவு திறந்தது, மூடியது, போய்விட்டது. நான் நடைமேடையிலேயே நின்றேன்.

என் மாமியார் புவனேஸ்வரி அன்று காலை மெல்பர்ன் புறநகரான கிரெய்கிபர்னில் தங்கள் வீட்டில் நீச்சல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பியிருக்கிறார். வாசல் வரை போனவர், "தலையிடிக்குது, கொஞ்சம் இருந்திட்டுப் போறன்," என்று மாமாவிடம் சொல்லிவிட்டுக் கதிரையில் அமர்ந்திருக்கிறார். மூளையில் இரத்தக் கசிவு. ஆம்புலன்ஸ் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

இறுதிச் சடங்கன்று, அவரோடு நீந்த வரும் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டு, மருமகள் இரண்டு வார்த்தை பேசத்தான் வேண்டும் என்றார்கள். என்னால் முடியவில்லை. இப்போது எழுத உட்கார்ந்தால் எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது. அழுகைக்கு முன்னால் பரபரப்பு வந்து நிற்கிறது. மாமியை நினைத்தவுடனே நான் இடுப்பளவு குளிர்ந்த தண்ணீரில் போய் நின்றுவிடுகிறேன். வாயில் காற்றுக்குழாய், பக்கத்தில் அவர், இதோ இறங்கப் போகிறோம். அவரை அறிந்தவர்களுக்கும் அறியாதவர்களுக்கும் அந்தக் கதையைச் சொல்கிறேன்.

மாமி யாழ்ப்பாணத்தில் பிறந்து, கல்யாணமான புதிதில் மெல்பர்னுக்கு வந்தவர். விமானப் பயணிகளுக்குச் சாப்பாடு தயாரிக்கும் ஒரு பெரிய சமையல்கூடத்தில் பல வருடங்கள் வேலை பார்த்தார். குளிரூட்டிய அறைக்குள் கோட்டுப் போட்டுக்கொண்டு, நாள் முழுவதும் சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்கும் வேலை. யாராவது மெல்பர்ன் குளிரைப் பற்றிக் குறை சொன்னால், "குளிரைப் பற்றி எனக்குச் சொல்லாதேங்கோ. நான் ஃபிரிட்ஜுக்குள்ள நிண்டு பிள்ளை வளத்தனான்," என்பார்.

அந்த வேலை முழங்காலைப் பதம் பார்த்தது. ஐம்பது வயதுக்கு மேல், நீந்தினால் வலி குறையும் என்று டாக்டர் சொல்ல, மாமி நீச்சல் உடையை வாங்கிக்கொண்டு உள்ளூர்க் குளத்துக்குப் போனார். குழந்தைகளோடு ஆழமில்லாத பக்கத்தில் நின்று பழகினார். நான் மருமகளாக அந்த வீட்டுக்குள் வந்தபோது அவர் மூச்சு வாங்காமல் ஒரு மணி நேரம் நீந்துபவராகியிருந்தார். ஓய்வும் பெற்றிருந்தார்.

நான் திருச்சிக்காரி. படிக்க வந்து, மென்பொருள் வேலையில் சேர்ந்து, செந்தூரனைச் சந்தித்துத் திருமணம் செய்துகொண்டேன். முதல் வாரம் மாமி என்னிடம், "நீர் சாப்பிட்டீரோ?" என்று கேட்டார். எங்கள் ஊரில் நாடக மேடையில் ராஜா வேஷம் கட்டியவர்தான் அப்படிக் கேட்பார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சாப்பிட்டேங்க," என்றேன். அது அவர்கள் பக்கத்தில் அன்பும் மரியாதையும் கலந்த பேச்சு என்று பிறகு தெரிந்தது. எங்களுக்குள் சண்டை கிடையாது. ஆனால் நெருக்கமும் கிடையாது. ஒரே வீட்டில் தங்கியிருக்கும் இரண்டு நல்ல விருந்தாளிகள் மாதிரி, மாறி மாறிப் பாத்திரம் கழுவிக்கொண்டு இருந்தோம்.

இரண்டு வருடம் இப்படிப் போனது. பிறகு செந்தூரனுக்குச் சிட்னியில் வேலை கிடைத்தது. குளிர்காலம் முடிந்ததும் நாங்கள் இருவரும் சிட்னிக்குக் குடிபெயர்வது என்று முடிவாயிற்று. போவதற்கு முன் ஏதாவது புதிதாகச் செய்ய வேண்டும் என்று செந்தூரன் ஆசைப்பட்டு, எங்கள் இருவருக்கும் ஸ்கூபா டைவிங் பயிற்சிக்குப் பதிவு செய்தார். காற்றுச் சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு தண்ணீருக்கு அடியில் போகும் பயிற்சி. பாடம் படித்து, நீச்சல்குளத்தில் பழகி, கடைசியாகத் திறந்த நீர்நிலையில் நான்கு முறை இறங்கிக் காட்டினால் சான்றிதழ் தருவார்கள். அதன்பின் உலகத்தில் எந்தக் கடலிலும் இறங்கலாம்.

பயிற்சி தொடங்கும் வாரம் செந்தூரனுக்குக் கடுமையான சளி பிடித்து, காதுச் சவ்வில் ஓட்டை விழுந்துவிட்டது. தண்ணீர்ப் பக்கமே போகக்கூடாது என்றார் டாக்டர். அன்று இரவுச் சாப்பாட்டின்போது, "மது தனியப் போகட்டும். என்ர இடம் சும்மா போகுது," என்று அவர் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார். மாமி புட்டைப் பிசைந்துகொண்டே, "அப்ப நான் போறன்," என்றார்.

நாங்கள் மூவரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

"அம்மா, உங்களுக்கென்ன விசரே? அறுபது தாண்டிட்டுது."

"நீந்த ஏலுமோ எண்டுதானே கேப்பினம். பிறந்த வருசத்தைப் பாத்தே தண்ணி உள்ள விடுது?"

மாமா தட்டிலிருந்து நிமிர்ந்து மாமியைப் பார்த்தார். அவர் அதிகம் பேசாதவர். மாமி நாலு வார்த்தை பேசினால் அவர் ஒன்று பேசுவார். "டொக்டர் ஓம் எண்டால் போகட்டும்," என்றார். டாக்டர் மாமியின் இதயத்தையும் நுரையீரலையும் ஒன்றுக்கு இரண்டு தடவை பரிசோதித்துவிட்டு, தன்னைவிட இவர் திடமாக இருக்கிறார் என்று கையெழுத்துப் போட்டார்.

எங்கள் பயிற்றுநர் ஜென் என்ற ஆஸ்திரேலியப் பெண். வெயிலில் பழுத்த முகம், உரத்த குரல். குளிர்காலமானதால் வகுப்பில் நானும் மாமியும் மட்டும்தான். முதல் நாளே ஜென் எங்களை எதிரெதிரே நிறுத்தி, தண்ணீருக்குள் யாரும் தனியாகப் போவதில்லை, இனி நீங்கள் இருவரும் ஒருவருக்கு ஒருவர் துணை என்றார். துணையின் கருவிகளைச் சரிபார்க்க வேண்டும். துணையைவிட்டு அகலக்கூடாது. துணைக்குக் காற்று தீர்ந்தால் உன் காற்றைக் கொடுக்க வேண்டும். மாமி என்னைக் காட்டி, இவள் என் மருமகள் என்று ஆங்கிலத்தில் சொன்னார். உங்களுக்குள் ஒத்துப்போகுமா என்று ஜென் கேட்டார். மாமி என் பக்கம் திரும்பி, "அதை இனித்தான் பாக்கோணும் எண்டு சொல்லும்," என்றார்.

அன்றிலிருந்து எங்கள் வீடு மாறிப்போனது. மாமி பாடங்களை மூக்குக்கண்ணாடியோடு உட்கார்ந்து படித்தார். புரியாததை என்னிடம் கேட்டார். எனக்குப் புரியாததை அவர் செய்துகாட்டினார். நீருக்குள் பேச முடியாது, கையால்தான் பேச வேண்டும். அந்தச் சைகைகளைச் சாப்பாட்டு மேசையில் பழகினோம். ஆள்காட்டி விரலையும் கட்டைவிரலையும் வளையமாகச் சேர்த்தால் எல்லாம் நலம். கட்டைவிரலை உயர்த்தினால் மேலே போகலாம். இது தெரியாத மாமா ஒருநாள் மீன்குழம்பு நன்றாக இருக்கிறது என்று கட்டைவிரலை உயர்த்த, மாமி, "இருங்கோ, சாப்பிட்டு முடிச்சிட்டு மேல போகலாம்," என்றார். நான் புரையேறிச் சிரித்தேன். அந்த வீட்டில் நான் அப்படிச் சிரித்தது அதுவே முதல் தடவை என்று நினைக்கிறேன்.

நீச்சல்குளப் பயிற்சி நன்றாகவே முடிந்தது. கடைசிக் கட்டத்தைக் கடலில், மெல்பர்ன் விரிகுடாவில் முடிப்பதுதான் வழக்கம். ஆனால் அந்த வருடம் வாரக் கடைசி வந்தாலே தெற்கிலிருந்து காற்று எழும்பிவிடும். அலை மணலைக் கலக்கி, தண்ணீர் பால்தேநீர் மாதிரி ஆகிவிடும். ஜென் தள்ளிவைத்துக்கொண்டே போனார். நாங்கள் சிட்னிக்குக் கிளம்பும் நாள் நெருங்கிக்கொண்டே வந்தது.

கடைசியில் ஜென்னே ஒரு வழி சொன்னார். மலைப்பக்கத்தில் ஓர் ஏரி இருக்கிறது. காற்று புகாது. குளிர்காலத்தில் தண்ணீர் அருமையாகத் தெளிந்திருக்கும், ஆனால் மிகவும் குளிரும். எட்டு டிகிரி இருக்கலாம். வேண்டாமென்றால் கோடைவரை பொறுக்கலாம்.

"கோடை வரைக்கும் நான் இருக்க மாட்டேனே மாமி," என்றேன்.

"அதுதானே," என்றார் மாமி. "நீர் சிட்னிக்குப் போனால் பிறகு நான் ஆரோட இறங்கிறது?" என்றார்.

அவர் என்னைத் தேடுவார் என்பது அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை.

ஆடி மாதச் சனிக்கிழமை காலை. மாமாதான் காரை ஓட்டினார். காது சரியாகாத செந்தூரனுக்குக் குளிர்காற்று ஆகாது என்று வீட்டில் விட்டுவிட்டோம். மலை ஏற ஏறப் பனிமூட்டம். ஏரிக்கரையில் புல் எல்லாம் உறைபனி படிந்து வெள்ளையாக இருந்தது. எப்போதோ ஓர் ஓடையை மறித்ததில் உண்டான ஏரி அது. பட்டுப்போன மரங்கள் தண்ணீருக்குள்ளிருந்து சாம்பல் நிறத்தில் தலைநீட்டிக்கொண்டிருந்தன. சத்தமே இல்லை. மாமா மடக்குக் கதிரையை விரித்து, கம்பளியைப் போர்த்திக்கொண்டு, இஞ்சி போட்ட பிளேன்டீ பிளாஸ்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

ரப்பர் உடைக்குள் உடம்பை நுழைப்பதே ஒரு யுத்தம். நான் மாமியின் முதுகுப்பக்கம் இழுக்க, மாமி என் கையைப் பிடித்து இழுக்க, இருவரும் புல்லில் விழுந்தோம். தலைக்கு ரப்பர் முக்காடு, கைக்குத் தடித்த உறை. மாமி தன்னைக் குனிந்து பார்த்து, "கத்தரிக்காய்க்குக் கால் முளைச்ச மாதிரி இருக்கு," என்றார்.

இறங்கினோம். இடுப்புவரை ஒன்றும் தெரியவில்லை. பிறகு உடைக்குள் தண்ணீர் முதுகுத்தண்டு வழியாக இறங்கியது. மூச்சே நின்றுவிட்டது. முகத்தை நனைத்தபோது நெற்றியில் ஆணி அடித்த மாதிரி வலி. திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். மாமி விரல்களை வளையமாகச் சேர்த்து, எல்லாம் நலமா என்று சைகையில் கேட்டார். பதிலுக்கு நானும் வளையம் காட்டிவிட்டேன். வேறு என்ன செய்வது?

தலை நீருக்குள் போனது. அப்போதுதான் தெரிந்தது, ஜென் ஏன் குளிர்காலத்தைப் புகழ்ந்தார் என்று. குளிரில் பாசி அடங்கி, தண்ணீர் கண்ணாடியாக இருந்தது. மேலே சாம்பல் நிறத்தில் தெரிந்த மரங்கள் கீழே வேர் வரைக்கும் நின்றன. ஒரு காட்டுக்குள், மரத்தின் பாதி உயரத்தில், நாங்கள் மிதந்துகொண்டிருந்தோம். என் மூச்சு எனக்கே பெரிதாகக் கேட்டது. உள்ளே இழுத்தேன், காற்று வந்தது. இத்தனை நாள் பாடத்தில் படித்ததுதான். ஆனாலும் அது உண்மையாகவே வந்தபோது உடம்பெல்லாம் புல்லரித்தது. மாமி ஒரு மரத்தைக் கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டே கீழே போனார். கண்ணாடிக்குள் அவர் கண்கள் அவ்வளவு பெரிதாக இருந்தன.

மேலே வந்ததும் மாமி பேச்சை நிறுத்தவில்லை. "பாத்தனீரோ? மரத்துக்கு மேலால பறந்தனாங்கள். பறவைக்குத்தானே அப்பிடித் தெரியும்." கரைக்கு வரும்வரை இதையே நான்கு விதமாகச் சொன்னார்.

இரண்டாம் முறை இறங்கியபோதுதான் சோதனை வந்தது. நீருக்கடியில் முகக்கண்ணாடிக்குள் வேண்டுமென்றே தண்ணீரை விட்டு, மூக்கால் ஊதி வெளியேற்ற வேண்டும். குளத்தில் மாமி இதை விளையாட்டாகச் செய்தவர். இங்கே அந்தப் பனித்தண்ணீர் மூக்கிலும் கண்ணிலும் ஏறியதும் திடுக்கிட்டு மூக்கால் மூச்சை இழுத்துவிட்டார். உடம்பு உலுக்கியது. இரண்டு கைகளும் முகத்துக்குப் போயின. ஜென் உடனே அவரைப் பிடித்து, மெதுவாக மேலே கொண்டுபோனார். நான் பின்னாலேயே போனேன்.

மாமி இருமி இருமிக் கண் சிவந்திருந்தார். உதடு நீலம். "இன்னொருக்காச் செய்யிறன்," என்றார். பல் கிட்டித்து வார்த்தை உடைந்தது. ஜென் அனுமதிக்கவில்லை. உடம்பு இப்படி நடுங்கினால் அன்றைக்கு அவ்வளவுதான், அது விதி என்றார். பிறகு தணிந்த குரலில், நாளைக்குக் கட்டாயம் இல்லை, கோடையில் வந்து முடிக்கலாம், யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள் என்றார்.

திரும்பும்போது காரில் மாமி பேசவே இல்லை. ஹீட்டர் காற்றுக்கு நேரே இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு சாலையைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு நான் குசினிக்குள் போனால், மாமி அங்கே நின்றுகொண்டிருந்தார். பாத்திரம் கழுவும் தொட்டி நிறையத் தண்ணீர். அதில் ஃபிரீசரிலிருந்த ஐஸ் கட்டி முழுவதும் மிதந்தது. முகக்கண்ணாடியை மாட்டி, வாயில் மூச்சுக்குழாயைக் கடித்துக்கொண்டு, குனிந்து முகத்தை உள்ளே விட்டார். கண்ணாடியின் ஓரத்தை விரலால் தூக்கினார். தண்ணீர் நிரம்பியது. முதுகு விறைத்தது. ஊதினார். எழுந்து துவாயால் துடைத்துக்கொண்டு மறுபடியும் குனிந்தார்.

தண்ணீர் குடிக்க வந்த மாமா வாசலிலேயே நின்றுவிட்டார். சிறிது நேரம் பார்த்துவிட்டு, "இஞ்சேர், அது மீன் கழுவின சிங்க் எல்லோ?" என்றார்.

"கழுவிப்போட்டுத்தான் ஐஸ் போட்டனான். நீங்கள் போங்கோ."

நான் மாடிக்குப் போய் என் முகக்கண்ணாடியை எடுத்துவந்தேன். தொட்டியில் இரண்டு தலைக்கு இடம் போதவில்லை. மாறி மாறி முகத்தை விட்டோம். ஒருவர் செய்யும்போது மற்றவர் முதுகில் கைவைத்து, "மெதுவா, மெதுவா," என்று சொல்லிக்கொண்டிருந்தோம். எத்தனை தடவை என்று தெரியாது. மாமி கடைசியாக நிமிர்ந்தபோது முகம் பழமாகச் சிவந்திருந்தது. "இப்ப மூக்குக்கு விளங்கிட்டுது," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மழைத்தூறல். ஏரியில் இறங்கியதும் ஜென் முதலில் அந்தக் கண்ணாடிச் சோதனையைத்தான் வைத்தார். மாமி கண்ணை மூடினார், தண்ணீரை விட்டார், ஒரு கணம் அசையாமல் இருந்தார், ஊதினார். கண்ணாடி தெளிந்தது. கண்ணைத் திறந்து ஜென்னைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். தண்ணீருக்குள் கைதட்டினால் சத்தம் வராது. ஆனாலும் தட்டினேன்.

அடுத்தது திசைகாட்டியைப் பார்த்து நேர்கோட்டில் போய்த் திரும்பும் பயிற்சி. நானும் மாமியும் முன்னால், ஜென் கொஞ்சம் பின்னால். ஒன்பது மீட்டர் ஆழம் இருக்கும். நான் திசைகாட்டியில் கண்ணை வைத்திருந்தேன். திடீரென்று பக்கத்தில் பெரிய இரைச்சல். திரும்பினால் மாமியைக் காணோம். அவர் இருந்த இடத்தில் வெள்ளை வெள்ளையாகக் குமிழிகள் மட்டும் கொதித்துக்கொண்டிருந்தன.

கடுங்குளிரில் சில சமயம் இப்படி நடக்கும். ரெகுலேட்டர், அதாவது வாயில் கடிக்கும் காற்றுக்கருவி, உறைந்து திறந்தபடி நின்றுவிடும். சிலிண்டரில் உள்ள காற்று முழுவதும் கொட்டிப்போகும். பாடத்தில் படித்திருந்தோம். ஆனால் என் தலைக்குள் அந்தப் பாடத்தின் ஒரு வரிகூட இல்லை. நான் உறைந்துபோய் நின்றேன்.

குமிழிகளுக்குள்ளிருந்து ஒரு கை வந்தது. உறை போட்ட அந்தக் கை கழுத்துக்குக் குறுக்கே ஒருமுறை அசைந்தது. காற்று இல்லை. பிறகு வாயைத் தொட்டது. உன்னுடையதைக் கொடு. சாப்பாட்டு மேசையில் காட்டியது போலவே, அவசரமில்லாமல், தெளிவாக.

அந்தக் கையைப் பார்த்ததும்தான் என் கை வேலை செய்தது. மார்பில் தொங்கிய மஞ்சள் நிற உபரிக் குழாயைப் பிடுங்கி நீட்டினேன். மாமி தன்னுடையதை உமிழ்ந்துவிட்டு அதைக் கடித்து ஊதினார். பிறகு இழுத்தார். என் சிலிண்டரிலிருந்து அவருக்குக் காற்று போவதை என்னால் உணர முடிந்தது. நான் அவர் வலது கையைப் பிடித்தேன், அவர் என் வலது கையைப் பிடித்தார். முகத்துக்கு முகம் ஒரு முழத் தூரம். நான் நாய் மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். மாமி இன்னொரு கையை விரித்து, மேலும் கீழும் மெல்ல அசைத்தார். மெதுவா. அந்தக் கையின் வேகத்துக்கு என் மூச்சு இறங்கி வந்தது.

அதற்குள் ஜென் வந்து மாமியின் சிலிண்டரை மூடிவிட்டு, எங்கள் இருவரையும் பார்த்து வளையம் காட்டினார். செய்வதற்கு வேறு ஒன்றும் அவருக்கு மிச்சமில்லை. மூவரும் சேர்ந்து, பாடத்தில் சொன்னபடி சின்னக் குமிழியைவிட வேகமாகப் போகாமல், மேலே வந்தோம்.

மழை தண்ணீரில் புள்ளி புள்ளியாக விழுந்துகொண்டிருந்தது. மாமி வாயிலிருந்ததை எடுத்தார். "சோடாப் போத்தல் உடைச்ச மாதிரிப் போச்சுது," என்றார். நான் அழுதுகொண்டிருந்தேன். கண்ணாடிக்குள் அழுதால் துடைக்க வழியில்லை.

கரையில் ஜென் எங்களுக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார். காற்றைப் பகிர்ந்துகொள்ளும் சோதனை ஒன்று பாக்கி இருந்தது, இனி வைக்க வேண்டியதில்லை என்றார். கடைசி ஒரு முறை மட்டும்தான் மிச்சம். மாற்றுக் கருவி வண்டியில் இருக்கிறது. ஆனால் இன்று போதும் என்று நினைத்தாலும் அது சரியான முடிவுதான் என்றார்.

போதும் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். மாமி ஜென்னுக்குப் பதில் சொல்லாமல் என் பக்கம் திரும்பினார்.

"உமக்கு ஏலுமோ?"

"உங்களுக்குத்தானே மாமி காத்து போச்சு."

"நான் கேட்டது உம்மை. துணை மாட்டன் எண்டால் நான் போக மாட்டன். அதுதானே சட்டம்."

மாமி குளிர்ந்த கைகளைத் தேய்த்துக்கொண்டார். "மேல வரேக்க நான் உம்மட முகத்தை மட்டும்தான் பாத்துக்கொண்டு வந்தனான். எனக்குப் பயம் வரேல்லை. அதைச் சொல்லுறன். பிறகு உம்மட விருப்பம்."

மாமா பிளாஸ்க் மூடியில் தேநீரை ஊற்றி எனக்கு முதலில் நீட்டினார். குடித்தேன். இஞ்சி நெஞ்சுவரை எரிந்தது. "போகலாம் மாமி," என்றேன்.

அந்தக் கடைசி முறையைப் பற்றி என்ன சொல்ல? சோதனைகள் எதுவும் இல்லை. சும்மா சுற்றிப் பார்ப்பதுதான். மழை நின்று வெயில் வந்திருக்க வேண்டும், வெளிச்சம் மரங்களுக்கு இடையே பட்டை பட்டையாக இறங்கியது. அடியில் ஒரு சின்னத் துடுப்புப்படகு கவிழாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. யார் விட்டுப்போனார்களோ? மாமி அதன்மேல் மிதந்து, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, ஆள் இல்லை என்று கைவிரித்தார். அப்போது ஒரு ட்ரவுட் மீன், முழங்கை நீளம் இருக்கும், உடம்பெல்லாம் புள்ளியோடு எங்கள் இருவருக்கும் நடுவே நிதானமாகப் போனது. வாழ்நாளெல்லாம் மீனைச் சட்டியில் பார்த்தவர்கள் நாங்கள். ஒதுங்கி வழிவிட்டோம்.

கரையேறியதும் ஜென் கைகுலுக்கி, இனி நீங்கள் இருவரும் டைவர்கள் என்றார். மாமி கைகுலுக்கலோடு நிற்கவில்லை. சொட்டச் சொட்ட ஜென்னைக் கட்டிப்பிடித்தார். பிறகு சிலிண்டரின் பாரத்தோடு மாமாவிடம் நடந்துபோய், "இஞ்சேருங்கோ, நான் பாஸ்," என்றார்.

மாமா கதிரையிலிருந்து எழுந்து நின்றார். அந்த இரண்டு நாளும் ஏரிக்கரையில் மனிதர் அந்தக் கதிரையைவிட்டு எழுந்து அதுவரை நான் பார்க்கவில்லை. "தெரியும்," என்றார். "நீர் சிரிக்கிறது அங்க இருந்தே தெரிஞ்சது."

நாங்கள் சிட்னிக்குப் போனோம். விருந்தாளிகள் மாதிரி இருந்த இருவரும் அதன்பின் வாரத்துக்கு மூன்று நாள் போனில் பேசினோம். கடல் எப்படி, காற்று எந்தப் பக்கம் என்று ஆரம்பித்து, சொந்த விஷயத்துக்கெல்லாம் போவோம். பள்ளி விடுமுறைக் கூட்டம் இல்லாத வாரமாகப் பார்த்து மாமியும் மாமாவும் சிட்னிக்கு வருவார்கள். காலையில் கடல், மதியம் இந்தியக் கடைகள் நிறைந்த ஹரிஸ் பார்க். ஈரத்தலையும் முகக்கண்ணாடி அழுத்திய தழும்புமாக இரண்டு பெண்கள் ஜிலேபி சாப்பிடுவதைப் பக்கத்து மேசைக்காரர்கள் பார்ப்பார்கள். மாமி, "டைவிங்," என்று அவர்களுக்குத் தானாகவே விளக்கம் கொடுப்பார். கேட்காவிட்டாலும் கொடுப்பார்.

எங்கே போனாலும் மாமா கரையில் இருந்தார். ஒருதடவைகூடத் தண்ணீரில் கால் நனைத்ததில்லை.

சடங்குகள் முடிந்த மறுநாள் மதியம், வந்தவர்கள் எல்லோரும் போனபின், மாமா என்னைக் கூப்பிட்டார். பின்கட்டு வெயிலில் உட்கார்ந்திருந்தார்.

"பிள்ளை, ஒண்டு கேக்கட்டே? தண்ணிக்குக் கீழ அவ எப்பிடி இருப்பா? மேல வந்து எனக்குக் கனக்கச் சொல்லுவா. ஆனால் அவவை நான் அங்க கண்டதில்லை."

நான் சொன்னேன். போன இலையுதிர்காலத்தில் சிட்னிக் கடலில் எங்கள் கடைசி டைவ். கடற்பாசித் தோட்டத்துக்கு மேலே ஒரு கடல்குதிரை இனம், இலை இலையாகச் சிறகு வைத்தது, அலையோடு ஆடிக்கொண்டிருந்தது. மாமி அதற்குப் பக்கத்தில் போனார். கை கால் எதையும் அசைக்காமல், மூச்சை மட்டும் விட்டுக்கொண்டு, அந்தரத்தில் அப்படியே நின்றார். அது பயப்படவில்லை. அதுவும் அவரும் ஒரே அலையில் முன்னும் பின்னும் ஆடினார்கள். முழங்கால் வலி, கனத்த நடை, எதுவும் அங்கே கிடையாது. அவர் அறுபதைத் தாண்டியவர் என்று அங்கே யாராலும் சொல்ல முடியாது.

மாமா கண்ணை மூடிக் கேட்டார். "வடிவா இருந்திருப்பா," என்றார்.

பிறகு சொன்னார்: "அஸ்தியைக் கடலிலதான் விடோணும். செந்தூரன் படகில நிண்டு தரட்டும். நானும் வாறன். ஆனால் மேல நிண்டு கொட்டிப்போட்டு வாறது எனக்குச் சரியாப் படேல்லை. நீர் தண்ணிக்குள்ள நிண்டு வாங்கி, கீழ கொண்டுபோய் விடும். அவவுக்கு அங்க தெரிஞ்ச ஆள் நீர் ஒராள்தானே."

ஜென்னிடம் பேசிவிட்டேன். அவர் என்னோடு இறங்குகிறார். வரும் ஞாயிற்றுக்கிழமை விரிகுடாவில் காற்று அடங்கியிருக்கும் என்கிறார்கள்.

போயிட்டு வாங்க மாமி. கீழ வரைக்கும் நான் கூட வர்றேன்.